உடன்தொடக்கக் குழுப் பகுப்பாய்வும் இதழ் வாசகர் நிலைப்பும்

ஆய்வுச்சுருக்கம்

வாடிக்கையாளரை ஒட்டுமொத்தமாக எண்ணாமல், ஒரே காலத்தில் வந்து சேர்ந்தவர்களைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் காலப்போக்கில் எவ்வாறு நடந்துகொள்கிறது என்று பின்தொடரும் முறை ‘கோகார்ட்’ பகுப்பாய்வு எனப்படுகிறது. மக்கள்தொகையியலிலும் நோய்ப்பரவலியலிலும் உருவாகி, பின்னர்ச் சந்தையியலுக்குச் சென்ற இம்முறையைத் தமிழ் இதழியல் ஆய்வுக்கும் இதழ் நடத்துவோருக்கும் பயன்படும் வகையில் இக்கட்டுரை விளக்குகிறது. கலைச்சொல், முறையின் வரலாறு, சந்தாப் பதிவேட்டைப் படிக்கும் வழி, இதழ் நடத்துவோர் எடுக்கத்தக்க முடிவுகள், வாசிப்பு வரலாற்று ஆய்வுக்குக் கிட்டும் பயன், முறையின் எல்லைகள் ஆகியன முறையே ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: உடன்தொடக்கக் குழு, சந்தா, புதுப்பிப்பு விகிதம், வாசகர் நிலைப்பு, காலவிளைவு, இதழியல்.

1. முன்னுரை

தமிழ் இதழ்களின் வரலாற்றை எழுதும்போது தொடங்கிய ஆண்டு, நின்ற ஆண்டு, ஆசிரியர், உள்ளடக்கம், விற்பனைப் படிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிப்பது வழக்கம். சி.சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய ‘எழுத்து’ 1970 வரை வெளிவந்தது என்று எழுதுகிறோம். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் முதலாண்டு வாசகர் எத்தனை பேர் கடைசிவரை உடனிருந்தனர், இடையில் வந்தோர் எத்தனை ஆண்டு தங்கினர் என்ற வினாக்களை நாம் எழுப்புவதில்லை. ஆனால், ஓர் இதழ் நிலைப்பதும் நிற்பதும் பெரும்பாலும் இவ்வினாக்களுக்கான விடையைப் பொறுத்தே அமைகின்றன.

மொத்தச் சந்தாதாரர் தொகை உயர்ந்துகொண்டிருக்கும்போதே ஓர் இதழ் தன் வாசகரை வேகமாக இழந்துகொண்டிருக்க முடியும். புதியவர் வரவு பழையவர் விலகலை மறைத்துவிடும். வரவு குறையும் ஆண்டில்தான் உண்மை வெளிப்படும். அப்போது காலம் கடந்திருக்கும். மறைந்திருக்கும் இந்த இழப்பை முன்னரே காட்டுவதற்கு உடன்தொடக்கக் குழுப் பகுப்பாய்வு துணைபுரியும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள் ஆகும்.

2. கலைச்சொல் பற்றிய ஆய்வு

‘கோகார்ட்’ என்பது இலத்தீன் மொழியின் ‘கோகோர்ஸ்’ என்னும் சொல்லிலிருந்து வந்தது. அடைப்புள்ள முற்றம் என்பது அதன் பழம்பொருள். பின்னர் உரோமானியப் படையில் ஒரு லெகியனின் பத்தில் ஒரு பகுதியை அது குறித்தது. ஒன்றாகப் படையில் சேர்ந்து, ஒன்றாக நடந்து, இழப்புக்குப் பின் எஞ்சுவோர் என்ற கருத்தே புள்ளியியலுக்கு இச்சொல்லைப் பொருத்தமாக்கியது.

தமிழில் இதற்கு அணுக்கமான வழக்குகள் உள்ளன. ஒத்த வயதினரைச் ‘சோட்டு’ என்பதும், ஒரே முறையில் வேகவைத்து எடுத்த இட்லிகளை ‘ஓர் ஈடு’ என்பதும் பேச்சுவழக்கில் காணப்படுபவை. ‘ஈடு’ கருத்தளவில் மிகப் பொருத்தமானது. ஆயினும் அடைமானம், ஒப்பு, திருவாய்மொழி உரை எனப் பல பொருள்களைத் தாங்கி நிற்பதால் கலைச்சொல்லாக நிறுவினால் மயக்கம் தரும். ‘தலைமுறை’ என்பது மிக நீண்ட கால அளவைக் குறிப்பதாலும், ‘குழு’ என்பது காலக் கூறு இல்லாததாலும் போதா. எனவே, ஒரே காலப்பகுதியில் ஒரே செயலைத் தொடங்கியவர்கள் என்ற பொருள்பட ‘உடன்தொடக்கக் குழு’ என்னும் தொடர் இக்கட்டுரையில் ஆளப்படுகிறது.

இக்கருத்தைத் தமிழ் இலக்கிய வகைமைகள் கொண்டும் விளக்கலாம். உலா இலக்கியத்தில் தலைவன் வீதியில் வரும்போது பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுபருவ மகளிரும் ஒரே பொழுதில் காட்டப்படுகின்றனர். இது ஒரு நாளின் குறுக்குவெட்டுத் தோற்றம். பிள்ளைத்தமிழோ ஒரே குழந்தையைக் காப்புப் பருவம் தொட்டுப் பத்துப் பருவங்களிலும் தொடர்ந்து செல்கிறது. இது நெடுநோக்கு. உலாவில் வரும் பேரிளம்பெண் பேதையாக இருந்த காலத்தில் எவ்வாறு இருந்தாள் என்பதை உலாவிலிருந்து அறிய இயலாது. அவ்வாறே, இன்றைய சந்தாப் பட்டியலில் உள்ள பத்தாண்டு வாசகரைக் கொண்டு இன்றைய புதிய வாசகர் பத்தாண்டுக்குப் பின் எவ்வாறு இருப்பர் என்று கூற இயலாது. பிள்ளைத்தமிழின் நோக்கைத் தனியொருவருக்கன்றி ஒரு கூட்டத்துக்குப் பொருத்துவதே இப்பகுப்பாய்வு எனலாம்.

3. முறையின் வரலாறு

ஒரே காலத்தில் பிறந்தோரிடையே தோன்றும் பொது அனுபவம் பற்றிக் கார்ல் மன்ஹைம் 1928-இல் தலைமுறைச் சிக்கல் குறித்த கட்டுரையில் ஆராய்ந்தார். நார்மன் ரைடர் 1965-இல் சமூக மாற்றத்தை ஆராய்வதற்குரிய அடிப்படை அலகாக உடன்தொடக்கக் குழுவை முன்வைத்தார்.

முறையின் ஆற்றலை மிகத் தெளிவாகக் காட்டியது வேட் ஹாம்ப்டன் ஃப்ராஸ்டின் காசநோய் ஆய்வாகும். அவர் மறைவுக்குப் பின் 1939-இல் வெளிவந்த அக்கட்டுரை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில இறப்புப் பதிவுகளை ஆராய்ந்தது. 1930-ஆம் ஆண்டை மட்டும் நோக்கினால், காசநோய் இறப்பு முதியோரிடையே மிகுதி. ஆகவே முதுமையே இடர்மிக்க பருவம் என்று தோன்றும். ஒவ்வொரு பத்தாண்டிலும் பிறந்தோரைத் தனித்தனியே பின்தொடர்ந்தபோது, ஒவ்வொரு குழுவிலும் இறப்பு இளமைப் பருவத்திலேயே உச்சம் தொட்டுப் பின்னர் இறங்கியமை புலனாயிற்று. 1930-இன் முதியோர், தம் இளமையில் இன்னும் கடுமையான இடரைக் கடந்து எஞ்சியவர்கள். ஒரே தரவு, படிக்கும் திசை மாறியதால் நேரெதிரான பொருளைத் தந்தது.

சந்தையியலில் ஜோசப் ரென்ட்ஸ், ஃபிரெட் ரெனால்ட்ஸ், ராய் ஸ்டௌட் ஆகியோர் 1983-இல் மென்பான நுகர்வை இம்முறையால் ஆராய்ந்தனர். வயது ஏற ஏற மென்பானம் அருந்துவது குறையும்; ஆகவே மக்கள்தொகை மூப்படையும்போது விற்பனை சரியும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. மென்பானத்தோடு வளர்ந்த குழுக்கள் மூப்படைந்த பின்னும் அப்பழக்கத்தைப் பெருமளவு உடன்கொண்டு செல்கின்றன என்று அவ்வாய்வு காட்டியது. வயதின் விளைவு என்று கருதப்பட்டது குழுவின் விளைவாக இருந்தது. இன்று இணைய வணிகத்திலும் சந்தாச் சேவைகளிலும் இம்முறை அன்றாடக் கருவியாகிவிட்டது.

4. சந்தாப் பதிவேட்டைப் படித்தல்

முறையை விளக்குவதற்காக ஆண்டுச் சந்தா முறையில் இயங்கும் ஒரு கற்பனை இதழை எடுத்துக்கொள்வோம். கீழ்வரும் எண்கள் விளக்கத்துக்காகக் கட்டுரையாளரால் அமைக்கப்பட்டவை. எந்த இதழின் தரவும் அல்ல.

அட்டவணை 1: சேர்ந்த ஆண்டு வாரியாகச் சந்தாதாரர் (விளக்க எண்கள்)

சேர்ந்த ஆண்டு | 2021 | 2022 | 2023 | 2024
2021 குழு | 200 | 120 | 96 | 84
2022 குழு | – | 300 | 150 | 114
2023 குழு | – | – | 450 | 180
2024 குழு | – | – | – | 600
மொத்தம் | 200 | 420 | 696 | 978

இவ்வட்டவணையை மூன்று வழிகளில் படிக்கலாம்.

முதலாவது, கடைசி வரிசையை மட்டும் படித்தல். 200-இல் தொடங்கிய இதழ் நான்காம் ஆண்டில் 978 பேரை எட்டியுள்ளது. ஆசிரியர் மகிழ்வதற்குரிய செய்தி இது.

இரண்டாவது, ஆண்டுதோறும் ஒட்டுமொத்தப் புதுப்பிப்பு விகிதத்தைக் கணக்கிடுதல். 2021-இல் இருந்த 200 பேரில் 120 பேர் அடுத்த ஆண்டு தொடர்ந்தனர். அது 60 விழுக்காடு. 2022-இல் இருந்த 420 பேரில் 246 பேர் தொடர்ந்தனர். அது ஏறத்தாழ 58.6 விழுக்காடு. 2023-இல் இருந்த 696 பேரில் 378 பேர் தொடர்ந்தனர். அது ஏறத்தாழ 54.3 விழுக்காடு. சிறு சரிவு, கவலைப்படுமளவு இல்லை என்று தோன்றும்.

மூன்றாவது, ஒவ்வொரு குழுவின் முதற்புதுப்பிப்பை மட்டும் எடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தல். 2021 குழுவில் 60 விழுக்காடு, 2022 குழுவில் 50 விழுக்காடு, 2023 குழுவில் 40 விழுக்காடு. ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டுப் புள்ளிகள் வீதம் சரிவு தொடர்கிறது. பழைய குழுக்களில் எஞ்சியோர் உறுதியாக நிற்பதால் இச்சரிவின் பெரும்பகுதி ஒட்டுமொத்த விகிதத்தில் மறைந்துவிட்டது.

இதன் விளைவு அடுத்த ஆண்டில் தெரியும். 2024 குழுவின் முதற்புதுப்பிப்பு மேலும் குறையாமல் 40 விழுக்காட்டிலேயே நிற்பதாகவும், ஏனைய குழுக்கள் தமக்கு முந்தைய குழு அண்மையில் காட்டிய விகிதத்தையே பின்பற்றுவதாகவும், 2021 குழு தன் 87.5 விழுக்காட்டைத் தொடர்வதாகவும் கொள்வோம். அப்போது 2025-இல் 240, 137, 100, 74 என ஏறத்தாழ 550 பேரே எஞ்சுவர். 978 என்னும் நிலையில் நிற்பதற்கு மட்டுமே ஏறத்தாழ 430 புதியவர் தேவை. வளர்ச்சி எனத் தோன்றியது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்பும் முயற்சியே என்பது இவ்வாறு புலப்படுகிறது.

அட்டவணையில் கருதத்தக்க இன்னொரு கூறும் உண்டு. 2021 குழுவின் புதுப்பிப்பு 60, 80, 87.5 என உயர்கிறது. நாள் செல்லச்செல்ல வாசகரின் பற்று வளர்கிறது என்று இதற்குப் பொருள் கூறத் தோன்றும். பீட்டர் ஃபேடரும் புரூஸ் ஹார்டியும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வுயர்வுக்குத் தனிமனிதரின் மனமாற்றம் தேவையில்லை என்று காட்டுகிறது. ஒரு குழுவில் பற்று மிக்கவரும் குறைந்தவரும் கலந்திருப்பர். குறைந்தவர் முதலில் விலகுவர், மிக்கவர் எஞ்சுவர். எவருடைய மனமும் மாறாமலேயே விகிதம் உயரும். இது வடிகட்டலின் விளைவு. நெடுநாள் வாசகரைக் கண்டு, நம் இதழ் வாசகரைப் பற்றுடையவராக்குகிறது என முடிவுகட்டுதல் இக்காரணத்தால் பிழையாகலாம்.

5. இதழ் நடத்துவோர்க்குரிய பயன்கள்

குழுக்களுக்கிடையே வேறுபாடு தெரிந்தபின், அவ்வேறுபாட்டுக்குக் காரணம் தேடுவது அடுத்த படி. இங்கு ஒரு வரையறை தேவை. சேர்ந்த காலத்தால் பிரிப்பதே உடன்தொடக்கக் குழு; ஊர், பால், வயது ஆகியவற்றால் மட்டும் பிரிப்பது வெறும் வகைப்பாடு. காலத்தால் பிரித்த பின்னர், வந்த வழியால் மேலும் உட்பிரிக்கலாம்.

ஜனவரியில் நடைபெறும் சென்னைப் புத்தகக் காட்சியின் அரங்கில் தள்ளுபடி விலையில் சந்தா கட்டியவர், நண்பர் சொல்லி அஞ்சலில் பணம் அனுப்பியவர், ஒரு சிறப்பிதழைப் படித்துவிட்டு வந்தவர் ஆகிய மூவகையினரும் ஒரே ஆண்டில் சேர்ந்திருப்பினும் ஒரே வகையில் நிலைக்க வேண்டும் என்பதில்லை. அரங்கில் நூறு பேர் சேர்ந்து இருபது பேரே புதுப்பித்து, பரிந்துரையால் முப்பது பேர் சேர்ந்து இருபத்தொருவர் புதுப்பித்தால், முதலாண்டுக் கணக்கில் அரங்கும் இரண்டாமாண்டுக் கணக்கில் பரிந்துரையும் முந்தும். அரங்க வாடகையும் தள்ளுபடியும் சேர்ந்த செலவை இரண்டாமாண்டில் எஞ்சியோர் எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பதே முறையான ஒப்பீடு.

விலகல் எங்கு நிகழ்கிறது என்பதும் உரிய நடவடிக்கையைத் தீர்மானிக்கும். முதற்புதுப்பிப்பில் மட்டும் இழப்பு மிகுமாயின், சேர்த்தபோது தந்த எதிர்பார்ப்புக்கும் கைக்குக் கிட்டிய இதழுக்கும் பொருத்தம் இல்லை எனலாம். அல்லது முதலாண்டில் இதழ்கள் அஞ்சலில் ஒழுங்காகச் சேரவில்லை எனலாம். எல்லாக் குழுக்களும் ஒரே நாட்காட்டி ஆண்டில் சரிந்தால், அவ்வாண்டின் சந்தா உயர்வோ உள்ளடக்க மாற்றமோ பொதுச் சூழலோ காரணமாகலாம். முன்னதற்குப் புதிய வாசகரோடு முதல் மூன்று இதழ்களுக்குள் தொடர்புகொள்ளுதல் தீர்வாகும். பின்னதற்கு அது பயன்படாது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் விளம்பரத்தை மட்டும் பெருக்குவது, சிறிய முதலீட்டில் இயங்கும் இதழ்களுக்குத் தாங்கவியலாத செலவாகும்.

6. வாசிப்பு வரலாற்று ஆய்வில் இம்முறை

இம்முறையில் மூன்று விளைவுகள் பிரித்துணரப்பட வேண்டும்: வயது அல்லது தங்கிய காலத்தின் விளைவு, நாட்காட்டிக் காலத்தின் விளைவு, சேர்ந்த குழுவின் விளைவு. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ வாசிப்பை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். அது 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வெளிவந்தது. வாரந்தோறும் காத்திருந்து படித்தவர். பக்கங்களைத் தொகுத்துக் கட்டிய படியைப் படித்தவர். நூல் பதிப்பில் படித்தவர். 2022, 2023 ஆண்டுகளில் மணிரத்னம் இயக்கிய திரைப்படங்களின் பின் படிக்கத் தொடங்கியவர் எனத் தொடக்க வழியால் வேறுபட்ட குழுக்கள் உள்ளன. 2022-இல் எல்லா வயதினரிடையேயும் இந்நாவல் மீது ஆர்வம் எழுந்தால் அது காலவிளைவு. பதின்பருவத்தினர் எக்காலத்திலும் இதனை விரும்பிப் படித்தால் அது வயதின் விளைவு. வாரக்கணக்கில் காத்திருந்தவரிடம் மட்டும் காணப்படும் வாசிப்பு இயல்பு ஏதேனும் இருப்பின் அது குழுவின் விளைவு. இம்மூன்றையும் பிரிக்காமல் ‘வாசகர் வரவேற்பு’ என்று ஒரே சொல்லால் குறிப்பது ஆய்வுக்குப் போதாது.

பழைய பதிப்பு வரலாற்றிலும் இவ்வினாவை எழுப்பலாம். உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பிக்கும்போது பலரிடம் முன்கூட்டியே கையொப்பம் பெற்றுப் பொருள் திரட்டினார். 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு என அவர்தம் பதிப்புகள் தொடர்ந்தன. முதல் நூலுக்குத் துணைநின்றவருள் எத்தனை பேர் அடுத்தடுத்த நூல்களுக்கும் துணைநின்றனர், அவர்களுள் மடத்தைச் சார்ந்தவர், அரசுப் பணியினர், ஆசிரியர் ஆகியோரின் தொடர்ச்சி எவ்வாறு வேறுபட்டது என்பவை பெயர்ப்பட்டியல்கள் கிடைக்குமிடத்து ஆராயத்தக்கன. புரவலர் ஆதரவிலிருந்து வாசகர் சந்தைக்கு நூலுலகம் நகர்ந்ததை எண்ணிக்கையோடு காட்ட இது வழிசெய்யும்.

இதழ் ஆய்வில் பெருவழக்காக உள்ள ஒரு நடைமுறையையும் இங்கு மறுபரிசீலனை செய்ய வேண்டும். வாசகர் கடிதங்களைக் கொண்டு ஓர் இதழின் வாசகர் இயல்பைக் கூறுவது நம் ஆய்வேடுகளில் காணப்படுகிறது. கடிதம் எழுதியவர் தங்கியவர். தங்கியவருள்ளும் எழுதும் ஆர்வம் உடையவர். அவருள்ளும் ஆசிரியரால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். முதலாண்டிலேயே விலகியவரின் குரல் அங்கில்லை. ஃப்ராஸ்ட் ஆய்வில் எஞ்சிய முதியோரை மட்டும் பார்த்தது போன்ற மயக்கமே இங்கும் நேர்கிறது. ஆகவே, கடிதச் சான்றுகளைப் பயன்படுத்தும் ஆய்வாளர், எழுதியவர் எந்த ஆண்டில் வாசகரானார் என்பதை இயன்றவரை குறித்து, விலகியோர் இல்லாமையை எல்லையாக அறிவித்தல் நலம்.

7. முறையின் எல்லைகள்

முதலாவது, மூன்று விளைவுகளையும் தரவு மட்டும் கொண்டு முற்றிலும் பிரிக்க இயலாது. பிறந்த ஆண்டையும் நடப்பு ஆண்டையும் அறிந்தால் வயது தானே கிடைத்துவிடும். ஒன்று மற்ற இரண்டிலிருந்து பெறப்படுவதால், மூன்றின் தனித்தனி நேர்ப்போக்கு விளைவுகளைக் கணக்கிட வெளியிலிருந்து ஒரு கொள்கை முடிவைக் கொண்டுவர வேண்டும். அம்முடிவை ஆய்வாளர் வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும்.

இரண்டாவது, அண்மைக் குழுக்களின் கதை முடிவுறாதது. அட்டவணையின் 2024 குழு பற்றி இன்னும் எதுவும் கூற இயலாது. பழைய குழுவின் முழு வாழ்நாளையும் புதிய குழுவின் ஓராண்டையும் ஒப்பிடுதல் முறையன்று. ஒத்த கட்டத்தையே ஒப்பிட வேண்டும்.

மூன்றாவது, சிற்றெண் சிக்கல். பத்துப் பேர் கொண்ட குழுவில் ஒருவர் விலகினால் பத்து விழுக்காடு மாறிவிடும். சிறிய இதழ்கள் மாதக் குழுக்களை விடுத்து ஆண்டு அல்லது அரையாண்டுக் குழுக்களை அமைத்தல் பொருந்தும்.

நான்காவது, சந்தாதாரரும் வாசகரும் ஒருவரல்லர். நூலகத்திலோ தேநீர்க் கடையிலோ ஒரு படியைப் பலர் படிப்பர். புதுப்பிப்பு வினா எழாத ஆயுள் சந்தாதாரரைத் தனியே வைக்க வேண்டும். இல்லையேல் நிலைப்பு விகிதம் பொய்யாக உயரும்.

ஐந்தாவது, பதிவேட்டில் உள்ளவை மனிதரின் பெயரும் முகவரியும் ஆகும். எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டுள்ள சூழலில், பகுப்பாய்வுக்குச் சேர்ந்த ஆண்டு, வந்த வழி, புதுப்பித்த ஆண்டுகள் ஆகியவை மட்டுமே போதும் என்பதால், பெயர்களை நீக்கிய படியையே ஆய்வாளர் கையாள வேண்டும்.

8. முடிவுரை

இதுவரை ஆராய்ந்தவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

• மொத்த எண்ணிக்கையும் ஒட்டுமொத்தப் புதுப்பிப்பு விகிதமும் இதழின் நலத்தை முழுமையாகக் காட்டா. சேர்ந்த ஆண்டு வாரியான முதற்புதுப்பிப்பு விகிதமே இழப்பை முன்னறிவிக்கும்.

• நெடுநாள் வாசகரின் உறுதி, பற்று வளர்ந்ததால் மட்டும் அன்றி, பற்றுக் குறைந்தோர் முன்னரே விலகியதாலும் தோன்றலாம்.

• வந்த வழியால் உட்பிரித்த குழுக்களை இரண்டாமாண்டில் ஒப்பிடுவதே விளம்பரச் செலவை மதிப்பிட ஏற்ற முறை.

• வாசகர் கடிதங்களை ஆதாரமாகக் கொள்ளும் ஆய்வுகள் எஞ்சியோர் சார்பைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

இப்பகுப்பாய்வுக்குச் சிறப்பு மென்பொருள் தேவையில்லை. ஒவ்வொரு சந்தாதாரருக்கும் சேர்ந்த தேதியும் புதுப்பித்த தேதிகளும் இருந்தால் கோடிட்ட தாளிலேயே செய்யலாம். ஆனால், ஆண்டு முடிந்ததும் விலகியவர் பெயரை அடித்துவிட்டுப் புதுப்பட்டியல் எழுதும் இதழ்களில் அச்சான்று அழிந்துபோகிறது. இதழ்ப் படிகளைத் திரட்டிக் காக்கும் நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் நின்றுபோன இதழ்களின் சந்தாப் பேரேடுகளையும், தனிநபர் விவரங்களைக் காக்கும் நெறிகளோடு, கேட்டுப் பெற்றுப் பாதுகாத்தல் வேண்டும். அப்பேரேடுகளில் அடிக்கப்பட்ட பெயர்களிலிருந்தே விலகிய வாசகரின் வரலாற்றை எழுதத் தொடங்க இயலும்.